வெற்றிலையா, காப்பியா?

ஒரு நிமிடம், மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். போன வீடியோவில் என்னைவிட அதுதான் அதிகம் பேசியது என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். சரி, இன்றைக்கு வியர்த்துக்கொண்டே பேசலாம்.

எனக்கு வரும் சிறுகதைகளில் இரண்டு கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முரண் என்றால் சண்டை என்று நினைத்து, மூன்றாவது பத்தியிலேயே அப்பாவையும் மகனையும் மோதவிட்டுவிடுகிறார்கள். களம், அதாவது கதை நடக்கும் இடம், என்றால் வர்ணனை என்று நினைத்து, முதல் பத்தி முழுக்க மழை பெய்கிறது. அந்த மழையைத் தூக்கிவிட்டுப் படித்தாலும் கதைக்கு ஒன்றும் ஆவதில்லை. நானும் அப்படி எழுதியவன்தான். என் முதல் கதையில் நான்கு பக்கத்துக்கு ஆற்றங்கரை வரும். கதை நடப்பதோ ஒரு வங்கிக் கிளையில்!

புதுமைப்பித்தன் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொள்வோம். 1943இல் கலைமகளில் வந்தது. எல்லோரும் கடவுள் வருகிற இடத்தைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அவர் வருவதற்கு முந்தைய சில வரிகளோடு நின்றுகொள்கிறேன்.

சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனை. வண்டி மோதாத ஓரமாகப் பார்த்து நின்றுகொண்டு பிள்ளை தீவிரமாக யோசிக்கிறார். டிராமில் போனால் ஒன்றே காலணா. மிச்சம் காலணாவுக்கு வெற்றிலை பாக்கு போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடலாம். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏய்த்துக்கொண்டே சென்ட்ரலைத் தாண்டிவிட்டு அதற்கப்புறம் டிக்கெட் வாங்கினால், திருவல்லிக்கேணியில் அரை கப் காப்பி குடிக்கலாம். ஆனால் வெற்றிலை கிடையாது.

அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலம், அதில் காலணா என்றால் ரூபாயில் 64இல் ஒரு பங்கு. அந்தக் காசை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன்னோடு தானே மல்லுக்கட்டுகிறார். முரண் என்பது இதுதான். இவர் சாதாரண ஆளும் இல்லை, 'சித்த வைத்திய தீபிகை' என்று ஒரு பத்திரிகையே நடத்துகிறவர். பத்திரிகை எப்படி ஓடுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

இப்போது சென்ட்ரலைக் கவனியுங்கள். அந்த ஸ்டேஷன் எப்படி இருந்தது, என்ன நிறம் என்று ஒரு சொல்கூட இல்லை. அதைத் தாண்டிய பிறகு டிக்கெட் வாங்கினால் காசு குறையும், அது போதும். அந்த இடம் பிள்ளையைத் தப்புக்குக் கூப்பிடுகிறது. நான் களம் என்று சொல்வது இதைத்தான். சென்ட்ரலை அழித்தால் அரை கப் காப்பியும் போய்விடும், பிள்ளைக்கு யோசிக்க ஒன்றும் இருக்காது.

சும்மா ஒரு விளையாட்டு. இதே முனையை இன்றைக்குக் கொண்டுவருவோம். டிராம் 1953லேயே போய்விட்டது. பிராட்வே இப்போது பிரகாசம் சாலை. பிள்ளை கையில் போன் கொடுத்தால் ஸ்கேன் செய்துவிட்டுப் போய்விடுவார், கதை படுத்துவிடும். அணாவைப் பத்து ரூபாயாக மாற்றினாலும் உயிர் வராது. இந்தக் காலத்தில் அந்த முனையில் யாருக்கு எங்கே இடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எனக்குத் தோன்றுவது இது. 2021லிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டீலக்ஸில் ஏறினால் காசு. அந்த முனைக்குப் பக்கத்தில் இருக்கும் பாரிமுனை நிறுத்தத்தில் ஒரு அக்கா நிற்கிறாள். காசில்லாமல் ஏறும் பிங்க் பஸ் வரவில்லை, இரண்டு டீலக்ஸ் போய்விட்டது. திருவல்லிக்கேணியில் டியூஷன் விட்டு அவள் குழந்தை வாசலில் நின்றுகொண்டிருக்கும். டிக்கெட் காசு அவளிடம் இல்லாமல் இல்லை. ஆனால் இவ்வளவு நேரம் காத்து நின்றுவிட்டு இப்போது காசு கொடுத்து ஏறினால், நின்றதெல்லாம் வீண். பர்ஸைத் திறக்கிறாள், மூடுகிறாள். மூன்றாவது டீலக்ஸ் திரும்புகிறது.

மேலே நான் எழுதப் போவதில்லை, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒரு அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு எழுதி அனுப்புங்கள். மழை மட்டும் வேண்டாம்.