ஒரே வருடத்தில் கூடிய ஒன்பது வயது

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் நேரத்தைச் சுருக்கச் சொல்லிவிட்டார், அதனால் நேரே இலங்கையின் கணக்குக்கே வருகிறேன்.

1946இல் இங்கே பிறந்த குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் சுமார் 43 வருடம். 1947இல் அது 52. இடையில் ஒரே ஒரு வருடம்தான். 43 என்றதும் அந்தக் காலத்தில் எல்லோரும் நாற்பது தாண்டியதும் செத்துப்போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எண்பது வயதுக் கிழவிகள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் 1946இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. சராசரியைக் கீழே இழுத்தவை அந்தச் சாவுகள்தான்.

என்ன நடந்தது 1946இல்? மலேரியாவைப் பரப்பும் நுளம்பைக் கொல்ல, வீடு வீடாக டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். மலேரியா எவ்வளவு பொல்லாதது என்று தெரிய, 1934-35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயைப் பார்க்க வேண்டும். சுமார் 80,000 பேர் செத்தார்கள். மழை கூடினால்தானே நுளம்பு கூடும் என்போம். அந்த முறை நடந்தது நேர்மாறு. மழை பொய்த்து, ஈரவலயத்தில், அதாவது வழக்கமாக மழை கூடிய பகுதியில், ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களுக்கு, வரண்ட வலயத்தில் காலங்காலமாகக் காய்ச்சலோடு வாழ்ந்தவர்களுக்கு இருந்த எதிர்ப்புச் சக்தி இல்லை. நோய் அங்கேதான் வாரிக்கொண்டு போனது.

அதற்காக எல்லாப் புகழையும் டிடிடிக்கே கொடுப்பது சரியில்லை. ஆய்வாளர்கள் இதில் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். நான் மருத்துவிச்சியின் பக்கம். களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதன்பிறகு ஊர் ஊராக வந்த அந்தப் பெண்கள்தான் தாயின் சாவைக் குறைத்தார்கள். இதற்குச் சாட்சி இருக்கிறது: 1960களின் தொடக்கம் வரை இலங்கையில் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் ஆயுள் குறைவு. பிரசவம் அவர்களைக் கொன்றது. இன்று பெண்கள் ஆண்களைவிட ஏறக்குறைய ஆறேழு வருடம் கூட வாழ்கிறார்கள்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. நாட்டின் சராசரி என்பது எல்லோருடைய சராசரியும் அல்ல. 1974இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது மலையகத் தோட்டங்களில் சாவு எகிறியது. நாட்டின் மொத்தக் கணக்கில் அது சின்ன மேடு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசை வீடுகளில் அது பஞ்சம்.

சரி, இப்போது எதனால் சாகிறோம்? மாரடைப்பு, பக்கவாதம், சீனி வருத்தம், புற்றுநோய். பத்துச் சாவில் எட்டு இந்த மாதிரி தொற்றாத நோய்களால். மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. 1963இல் 17 பேருக்கு மட்டுமே இருந்த நோய், கவனம் தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானவர்களுக்குத் திரும்பி வந்ததை மறக்காதவர்கள் செய்த வேலை அது.

நோய் இல்லாத இன்னொரு சாவும் உண்டு. 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. பெரும்பாலும் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. கொடிய மருந்துகளை 1995இலும் அதன் பிறகும் தடை செய்தார்கள். பத்து வருடத்தில் வீதம் பாதியானது. மருந்து குடித்தவர்கள் எண்ணிக்கை அந்தளவு குறையவில்லை. குடித்தவர் பிழைத்தார், அவ்வளவுதான்.

இந்த வெற்றிகளில் பொதுமக்கள் செய்ய வேண்டியிருந்தது மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். மருந்தடிக்கிறவர் வீட்டுக்கு வந்தார். மருத்துவிச்சியும் வந்தார். நஞ்சு கடையிலிருந்து காணாமல் போனது. இரத்த அழுத்தம் பார்க்க மட்டும் நாமே தேடிப் போக வேண்டும் என்கிறார்கள். அதற்காக 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் திறந்தார்கள், இலவசம், நல்ல திட்டம். ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் பெண்கள். மாரடைப்பில் முந்திப் போகும் ஆண்கள் வருவதில்லை. எப்படி வருவார்கள்? நாட்கூலி மேசன் ஒரு காலையை விட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். பிரஷர் பார்க்கும் கருவி வேலைத்தளத்துக்கும், ஓட்டோ தரிப்பிடத்துக்கும், மீன்பிடித் துறைக்கும் பின்னேரங்களில் போகட்டும். அதைத்தான் சுகாதார அமைச்சிடம் நாம் கேட்க வேண்டும்.