கிழக்குப் பக்கக் கல்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவெம்பாவை தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் விடியக்காலை நாலு மணிக்குப் பிறகு யாருக்கும் நித்திரை இல்லை. முதலில் சங்கு. பிறகு சேமக்கலம். பிறகு மப்ளர் சுற்றிய ஐந்தாறு பெடியள், பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு பாடி வருவார்கள். குளம் நிரம்பி வான் பாயும் காலம் என்பதால் தவளைகளும் கூடவே பாடும். என் படலையடிக்கு வந்ததும் சேமக்கலம் கொஞ்சம் பலமாகவே அடிபடும். ‘மாஸ்டர் கடவுள் இல்லையெண்டு சொல்லுறவர், அவருக்கு வடிவாக் கேட்கட்டும்’ என்று ஒருவன் சொன்னது எனக்கு வடிவாகவே கேட்டது. நான் அதற்கு முன்பே எழும்பிக் கேத்தலை அடுப்பில் வைத்திருப்பேன். பனியில் வருகிற பிள்ளைகளுக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ. பத்து நாளும் அது என் வேலை.

வானொலி நிலையத்தார் பண்டிகைக் காலம் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். ‘எனக்குச் சாமி நம்பிக்கை இல்லையே தம்பி’ என்றேன். ‘அதைத்தான் சேர் பேசச் சொல்லுறம்’ என்றார் அந்தத் தம்பி. சரி, பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘சண்டையில் பட்ட கஷ்டம்தான் உங்களை இப்படி ஆக்கினது, என்ன?’ என்று பலர் அனுதாபத்தோடு கேட்கிறார்கள். இல்லை. சண்டையில் நான் பட்டதை எல்லாரும் பட்டார்கள். அதில் பலர் முன்பைவிடக் கூடுதலாகக் கும்பிடத் தொடங்கினார்கள். நான் அதற்கு நெடுநாள் முன்பே, பதினெட்டு வயதில், ஆபிரகாம் கோவூரை வாசித்துக் கெட்டுப்போனவன். அவர் கேரளத்தில் ஒரு கிறிஸ்தவப் பாதிரியாருக்குப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர். பேயும் அற்புதமும் உண்மை என்று நிரூபித்துக் காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963 இல் சவால் விட்டார். 1978 இல் அவர் இறக்கும்வரை அந்தக் காசை யாரும் வாங்கவில்லை. அந்த வயதில் இது போதாதா எனக்கு?

நானும் சவால் விட்டேன், என் வீட்டில். இருபத்திரண்டு வயதில் ஒரு தைப்பொங்கலன்று, ‘எரிகிற வாயுக்கோளத்துக்கு எதற்குப் படையல்?’ என்று கேட்டு, சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பின்னேரம் பசியோடு திரும்பி வந்தபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வாழையிலையில் பொங்கல் வைத்து, சுளகால் மூடியிருந்தார். ஆறிப்போய், மேலே கஜு மட்டும் மினுங்கியது. சாப்பிட்டேன். அந்தச் சுளகு இன்னும் என் நினைவில் இருக்கிறது. அன்று நான் பேசிய தர்க்கம் மறந்துபோயிற்று.

அதற்காக நான் நம்பத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். விஞ்ஞானம் படிப்பித்தவனுக்குப் பொங்கல் திகதியே ஒரு சுவாரசியமான கணக்கு. சூரியன் தென்கோடிக்குப் போய் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22 இல். உத்தராயணம் பிறந்தது என்று நாங்கள் பானை வைப்பது ஜனவரி 14 அல்லது 15 இல். மூன்று கிழமைக்கு மேல் பிந்திவிட்டோம்! பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு முறை ஆடி முடிக்க ஏறத்தாழ 26,000 ஆண்டு பிடிக்கும். நட்சத்திரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும் எங்கள் பஞ்சாங்கம், அதனால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சூரியனின் திருப்பத்தை விட்டு விலகிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒரே நாளில் நின்றது சுமார் 1,700 ஆண்டுக்கு முன்பு. இதை நான் ஐயரிடம் சொன்னேன். ‘அப்ப பொங்கலை மாத்தச் சொல்லுறீங்களோ?’ என்றார். ஐயோ, வேண்டாம். டிசம்பர் 21 இல் எங்கள் வயல் பச்சையாக நிற்கும். காலபோக நெல் முற்றி வருவது தையில்தான். வயலுக்கு எது சரியோ அதுவே எனக்கும் சரி.

ஒஸ்லோவில் இருக்கும் மருமகனிடமும் இந்தக் கதை போனது. அங்கே டிசம்பர் கடைசியில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் வரும். மூன்றரைக்கு முன்பே போய்விடும். எங்களுக்கு ஆண்டிலேயே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியால வித்தியாசம். அவ்வளவுதான். அவனுக்கோ பகலே ஆறு மணித்தியாலம். ‘மாமா, இந்த இருட்டில ஒரு விளக்குக் கொளுத்தாட்டி விசர் பிடிச்சிடும்’ என்றான். நத்தாரை நோர்வேக்காரர் ‘யூல்’ என்கிறார்கள். கிறிஸ்தவம் அங்கு போவதற்கு முன்பே இருந்த சொல் அது. அதனால் கோயிலுக்குப் போகாத அவனுடைய அயலவர்களும் எந்தக் கூச்சமும் இல்லாமல் யூல் கொண்டாடுகிறார்கள்.

யேசு பிறந்த திகதியைச் சுவிசேஷங்களும் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்று எழுதிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 354 ஆம் ஆண்டின் ரோமத் தொகுப்பு. அதே தொகுப்பில் அதே நாளுக்கு ‘வெல்லப்படாதவனின் பிறப்பு’ என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. அது சூரியனைச் சொல்வதாகக் கொள்கிறார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஆனால் இதைக் கேளுங்கள்: அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் 1659 இல் நத்தார் கொண்டாடினால் ஐந்து சிலிங் தண்டம் என்று சட்டம் போட்டார்கள். 1681 வரை அது இருந்தது. போட்டவர்கள் பைபிளைக் கரைத்துக் குடித்த பியூரிட்டன்கள். நான் யாருடைய கேக்கையும் தடைசெய்ததில்லை.

கேக் என்றதும் முல்லைத்தீவு நினைவுக்கு வருகிறது. என்னோடு படிப்பித்த ஒரு நண்பர் அங்கே இருக்கிறார், கத்தோலிக்கர். அவருடைய வீட்டில் பாலன் குடிலுக்கென்று பால்மா டின் மூடிகளில் நெல் முளைக்கப் போடுவார்கள். நத்தாருக்குள் விரலளவு பச்சையாக வந்துவிடும். அந்த நெல் ஆண்டுதோறும் என்னுடையது. ஆட்டக்காரி என்ற ரக விதைநெல்லில் கொஞ்சம் கடதாசியில் சுற்றி, மாதத் தொடக்கத்திலேயே பஸ்ஸில் கொடுத்துவிடுவேன். ‘குடிலுக்குப் புல்லு, நாத்திகன்ர உபயம்’ என்று நண்பர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நத்தாரன்று போனால் அன்றே திரும்புவதில்லை. அடுத்த நாள் கடற்கரையில் நிற்க வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை; குடிலும் நட்சத்திரமும் கழற்றப்படாமல் இருந்த காலையில் கடல் உள்ளே வந்தது. நண்பரின் வீட்டில் போனவர்களைப் பற்றி நான் இங்கே சொல்லப் போவதில்லை. காலை 9.25 க்கு இரண்டு நிமிடம் மௌனம். அவர் செபிப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

2019 இல் அந்த மௌனம் முடிந்து சில நிமிடங்களில் கங்கண சூரிய கிரகணம். வடக்கில் எங்களுக்கு வளையம் முழுதாகத் தெரிகிற பாதை. கிரகண நேரத்தில் வெளியே நிற்கக்கூடாது என்று பலர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். நாங்கள் பூவரச மரத்தடியில் நின்றோம். இலை இடுக்குகளால் விழுந்த வெயில் பிறை பிறையாக மணலில் கிடந்தது. பிறகு ஒவ்வொரு பிறையும் கூடி மோதிரமாயிற்று. நூற்றுக்கணக்கான மோதிரங்கள். இலை இடுக்கு ஊசித்துளைக் கமரா போல வேலை செய்வதை விளக்க வாயெடுத்தேன். நண்பர் கையைப் பிடித்து, ‘கொஞ்சம் பொறுங்கோ மாஸ்டர்’ என்றார். பொறுத்தேன். சாப்பிடும்போது விளக்கத்தைச் சொன்னேன், முழுவதுமாக.

வீட்டிலும் சின்னச் சிக்கல்கள் இருந்தன. எங்கள் நாட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம். மகள் சைவநெறி எடுத்தாள். புராணக் கதைகளை நான்தான் கேள்வி கேட்டுப் பாடமாக்க வைத்தேன். ‘அப்பா, இது உண்மையா?’ என்று கேட்பாள். ‘பரீட்சைக்கு உண்மை’ என்பேன். அது நல்ல மறுமொழி என்று இன்று நினைக்கவில்லை. கதையாகவே ரசிக்கச் சொல்லியிருக்கலாம்.

இனிப் பொங்கல். முற்றத்தைச் சாணகத்தால் மெழுகி, உலக்கையைக் கிடத்தி அதன் ஓரமாக அரிசி மாவை இழுத்துச் சதுரக் கோலம் போடுவோம். நடுவில் மூன்று கல். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தால் அந்த வருடம் நல்லது என்பார்கள். எங்கள் வீட்டுப் பானை ஒருநாளும் மேற்கே வழிந்ததில்லை. சின்ன வயதில் இதை நான் பெரிய அதிசயமாக நினைத்தேன். பத்துப் பன்னிரண்டு வயதில்தான் கண்டுபிடித்தேன்: அம்மா கல் வைக்கும்போது கிழக்குப் பக்கக் கல்லைக் குதிக்காலால் கொஞ்சம் அழுத்தி மண்ணுக்குள் பதித்துவிடுவார். அவ்வளவு நம்பிக்கையுள்ள மனுசி!

2009 தைப்பொங்கலுக்கு விசுவமடுவில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். கிளிநொச்சி இராணுவத்தின் கையில் விழுந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. பால் இல்லை, சர்க்கரை இல்லை, பானையை வழியில் எங்கோ விட்டுவிட்டோம். ஒரு பால்மா டின்னில் ஒரு சுண்டு அரிசி. ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சேற்று நிலத்தில் உடைந்த சீமெந்துக் கல் மூன்றை அம்மா கொண்டுவந்து வைத்தார். குனிந்து, கிழக்கு எது என்று சூரியனைப் பார்த்தார். பிறகு ஒரு கல்லைக் குதிக்காலால் அழுத்தினார்.

அம்மா இப்போது இல்லை. பானை வைப்பது மனைவி, அரிசி போடுவது மகள், வெடி கொளுத்துவது அயல் பிள்ளைகள். அடுப்புக்குக் கல் வைப்பது மட்டும் நான். போன தையில் மகள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ‘அப்பா, அந்தக் கல்லு பதியுது’ என்றாள்.

‘தெரியும்’ என்றேன்.

வணக்கம்.