பிணத்துக்கு என்ன குணச்சித்திரம்?

நடுவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக்கையும் மீறி பெங்களூர் அல்சூருக்கு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நாகேஷ் நம் மனதில் நிற்பது நகைச்சுவையாலா, குணச்சித்திரத்தாலா? இதுதான் தலைப்பு. 'நம்மவர்' படத்துக்குத் தேசிய விருது கிடைத்ததே, அது குணச்சித்திர வேடம்தானே என்று கேட்டுவிட்டு, கைத்தட்டலையும் அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார் எதிரணித் தலைவர்.

ஐயா, விருது உண்மைதான். 1994இல் வந்த படம். மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக அவர் நொறுங்கிப்போகும் இடத்தில் நானும் கண் கலங்கியவன்தான். ஏன் கலங்கினேன்? முப்பது வருடமாக நம்மைச் சிரிக்க வைத்த முகம் அழுகிறதே என்றுதான்! வேறொருவர் செய்திருந்தால், நல்ல நடிப்பு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருப்போம். அந்தக் கண்ணீருக்கு முதல் போட்டதே நகைச்சுவைதான்.

அதே வருடம் 'மகளிர் மட்டும்' வந்தது. அதில் அவர் பிணமாக வருவார். வசனம் கிடையாது, கண் இமைக்கக்கூடாது. இழுத்த பக்கம் சாய்கிறார், விட்டால் சரிகிறார், தியேட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. எதிரணியினரைக் கேட்கிறேன், பிணத்துக்கு என்ன ஐயா குணச்சித்திரம்?

சரி, 1965க்குப் போவோம். 'திருவிளையாடல்'. கேள்வி கேட்பவர் தருமியாக வரும் நாகேஷ், பதில் சொல்பவர் சிவபெருமான். சிவபெருமான் யார்? சிவாஜி! அவர் நிற்கும் ஃபிரேமில் இன்னொருவர் பக்கம் கண் போவது என்ன சாமானிய விஷயமா? போனதே! ஆயிரம் பொன் கைநழுவிப் போகுமோ என்று தனியாகப் புலம்புகிறாரே, அந்தப் பயமும் ஆசையும் ஏழைப் புலவனின் வயிற்றுப்பாடுதான். நாம் சிரிக்கிறோம், நமக்குள் ஏதோ கிள்ளவும் செய்கிறது. இதைத்தான் நீங்கள் குணச்சித்திரம் என்று தனிக் கணக்கில் எழுதப் பார்க்கிறீர்கள். நாங்கள் விட மாட்டோம்.

'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையாவுக்குக் கதை சொல்லும் செல்லப்பாவைப் பாருங்கள். அதில் கதையே இல்லை! வெறும் சத்தமும் கண் உருட்டலும்தான். பாலையா பயப்படப் பயப்பட நமக்குச் சிரிப்பு. (பாதிப் புகழ் பாலையாவுக்கு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

இத்தனைக்கும் யார் இவர்? தாராபுரத்துக்காரர். வீட்டில் குண்டுராவ், பேசியது கன்னடம். வாசலைத் தாண்டினால் தமிழ். பெங்களூரில் இருக்கும் நம் கதையைத் திருப்பிப் போட்ட மாதிரி! முகத்தில் அம்மைத் தழும்பு, ஒல்லி உடம்பு, ரயில்வேயில் குமாஸ்தா வேலை. நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சின்ன வேடம் ஒன்று கிடைத்தது. அந்த மேடையிலேயே எம்.ஜி.ஆர். பாராட்டினார். எதற்கு? வலியில் துடித்துச் சிரிக்க வைத்ததற்கு!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். போகிற போக்கில் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' உங்களுக்கே. கர்ப்பிணிக்கு விஷம் கொடுக்கும் கொடிய வில்லன், அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அடுத்துப் பேச வரும் அம்மையார், அந்த வில்லனின் பெயரைச் செல்போனைப் பார்க்காமல் சொல்லட்டும். தருமி, செல்லப்பா, 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி இவர்களை எல்லாம் இந்த அரங்கமே சொல்லும். வாருங்கள் அம்மா, மைக் காத்திருக்கிறது.