ரத்தம் சொல்வதும் விரல் சொல்வதும்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் நாலைந்து பேர் மடியில் ஃபைல் இருப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் அந்த ஃபைலில் இருக்கிற ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருடம் ஒரு பெண் வந்தார், முப்பது வயதுதான் இருக்கும். உடம்பெல்லாம் அசதி, முடி கொட்டுகிறது, முட்டி லேசாக வலிக்கிறது என்று ஓர் இடத்தில் போய்ச் சொல்ல, அவர்கள் பத்துப் பதினைந்து ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்க, அதில் ஒன்றில் 'ஏஎன்ஏ பாசிட்டிவ், 1:80' என்று வந்துவிட்டது. அன்று ராத்திரியே போனில் தேடியிருக்கிறார். லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய்), கிட்னி போய்விடும், குழந்தை பெற்றால் ஆபத்து என்று வரிசையாக வந்திருக்கிறது. மூன்று மாதம் சரியான தூக்கம் இல்லை. குழந்தை வேண்டும் என்று இருந்தவர்கள் அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். நான் பார்த்தபோது அவருக்கு இருந்தது ரத்தசோகையும் தைராய்டு குறைவும். தைராய்டு கோளாறு உள்ளவர்களில் பலருக்கு ஏஎன்ஏ பாசிட்டிவாக வரும், அது டாக்டர்களான எங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் அதை அந்த மூன்று மாதத்தில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

ஏஎன்ஏ என்றால் என்ன? செல்லுக்குள் உட்கரு இருக்கிறது இல்லையா, அதையே எதிரி என்று நினைத்து உடம்பு தயாரிக்கிற ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். படிக்கிற காலத்தில் லேபில் இருட்டறையில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். ஸ்லைடில் செல்கள் இருக்கும், அதன் மேல் நோயாளியின் சீரம், அதாவது ரத்தச் செல்கள் நீங்கிய தெளிந்த நீர், ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கழுவிவிட்டு, ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு ஆன்டிபாடியை விடுவார்கள். ஒட்டியிருந்தால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மின்னும். சிலருக்கு உட்கரு முழுக்க ஒரே பச்சை, சிலருக்கு ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். 1:80 என்றால் ஒரு பங்கு சீரத்தை எண்பது பங்காகும் வரை நீர்க்கவிட்டும் பச்சை தெரிந்தது என்று அர்த்தம். 1:1280 வரை நீர்த்த பிறகும் தெரிகிறது என்றால் அதன் கனமே வேறு.

1997ல் பல நாடுகளைச் சேர்ந்த 15 லேப்கள் சேர்ந்து, எந்த நோயும் இல்லாத ஆட்களின் சீரத்தை எடுத்துப் பார்த்தார்கள். 1:40ல் கிட்டத்தட்ட 32 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ். 1:80ல் 13 சதவீதம். 1:320ல்கூட 3 சதவீதம். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அசதி என்று வருகிற ஆயிரம் பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை எழுதுகிறேன், அதில் லூபஸ் உண்மையிலேயே இருப்பது ஒன்றிரண்டு பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்று முப்பது பேர் கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட் இருக்கும். நோய் இல்லாத நூற்று இருபத்தெட்டு பேர் தூக்கத்தை இழப்பார்கள். ஆனால் கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, மூட்டு வீக்கம், சிறுநீரில் புரதம் என்று இருக்கிறவரிடம் இதே 1:80 வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அடுத்து, லூபஸை உறுதிசெய்ய உதவுகிற டிஎஸ்டிஎன்ஏ ஆன்டிபாடி, சி3, சி4 பரிசோதனைகளை எல்லாம் பார்ப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குக் கோபமே உண்டு. மூட்டுவலி பேக்கேஜ் என்று எடுக்கிற பரிசோதனைகளில் ஏஎஸ்ஓ என்று ஒன்று இருக்கும். முன்பு எப்போதோ ஒரு கிருமியால் தொண்டைப்புண் வந்துபோனதைச் சொல்கிற எண், அவ்வளவுதான். அது கூடியிருக்கிறது என்பதற்காக மட்டுமே, மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருடக்கணக்கில் போட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு சிலருக்கு வந்து இதயத்தைப் பாதிக்கிற ருமாட்டிக் காய்ச்சலுக்கு அந்த ஊசி உயிர் காக்கும். வெறும் எண்ணுக்கு ஊசி எதற்கு?

சரி, முடக்குவாதத்துக்கு வருவோம். சரவாங்கி என்று பாட்டிமார் சொல்வார்களே, அது. அதற்காக எடுக்கிற ஆர்ஏ ஃபேக்டர் என்கிற ரத்தப் பரிசோதனையின் கதை 1940ல் நார்வேயில் எரிக் வாலர் என்பவரிடம் தொடங்குகிறது. ஒரு நோயாளியின் சீரத்தில் செம்மறியாட்டின் ரத்தச் செல்கள் வழக்கத்துக்கு மாறாகத் திரள்வதை அவர் கவனித்தார். இன்றைக்கும் அதைத்தான் முதலில் எழுதுகிறோம். சிக்கல் என்னவென்றால் காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி, வெறும் வயோதிகம், இதிலெல்லாம்கூட அது பாசிட்டிவாகலாம். 2006ல் சிக்குன்குனியா பரவியபோது நம் ஊரில் எத்தனை பேர் சுவரைப் பிடித்து நடந்தார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வலி சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும், அதோடு இந்த எண்ணும் லேசாகக் கூடியிருந்தால் முடக்குவாதம் என்றே தோன்றிவிடும்.

2000ல் நெதர்லாந்துக்காரர்கள் முடக்குவாதத்துக்கு சிசிபி என்கிற இன்னொரு ரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தார்கள். இந்தப் பெயரின் முதல் 'சி'க்கு அடுத்த 'சி' சிட்ரலின். அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது தர்பூசணியில் இருந்து, பழத்தின் லத்தீன் பெயர்தான் அதற்கும் வந்தது. நம் உடம்பில் சில புரதங்களில் ஆர்ஜினின் என்கிற துண்டு சிட்ரலினாக மாறும், புகை பிடிக்கிறவர்களின் நுரையீரலில் இது அதிகம். அப்படி மாறியதைச் சிலரின் உடம்பு அந்நியமாகப் பார்க்கிறது. முடக்குவாதம் இல்லாத நூறு பேரில் சுமார் 95 பேருக்கு இது சரியாக நெகட்டிவ் காட்டும், அதனால் பாசிட்டிவ் வந்தால் மதிப்பு அதிகம். ஆனால் நோய் உள்ள நூறு பேரில் பிடிபடுவது 67 பேர்தான். மீதி?

அந்த மீதியில் ஒருவர்தான் நான் மறக்காத ஓர் அம்மா. ஆர்ஏ நெகட்டிவ், சிசிபி நெகட்டிவ், ஒன்றும் இல்லை, கால்சியம் சாப்பிடுங்கள் என்று இரண்டு வருடம் அனுப்பியிருக்கிறார்கள். நான் கேட்டது ஒரே கேள்வி, காலையில் எழுந்ததும் கை எப்படி இருக்கிறது? "கோலமாவை விரலில் பிடிக்க முடியலை டாக்டர், பத்து மணிக்கு மேல சரியாகிடும்" என்றார். கையை நீட்டச் சொன்னேன். இரண்டு கையிலும் விரல் தொடங்குகிற கணுக்கள் பூரித்துப்போய், அழுத்தினால் மாவு மாதிரி மெத்தென்று இருந்தன. சுண்டுவிரல்கள் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தன. முதல் சில மாதத்தில் மருந்து ஆரம்பித்திருந்தால் அந்தச் சாய்வு வராமலே இருந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு மணி நேரம் நீடிக்கிற காலை விறைப்பை எந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டும் அழித்துவிடாது.

இதே ஆன்டிபாடிகள் நோய்க்கு முன்னாலேயே வருகின்றன என்பதுதான் இந்தத் துறையில் என்னை அதிகம் அசைத்த விஷயம். அமெரிக்க ராணுவத்தில் வீரர்களின் சீரத்தை உறைய வைத்துச் சேமிப்பார்கள். பிற்பாடு லூபஸ் வந்த 130 பேரின் பழைய சீரத்தை எடுத்துச் சோதித்து 2003ல் வெளியிட்டார்கள். 115 பேருக்கு, நோய் என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே ஏதாவது ஓர் ஆன்டிபாடி இருந்தது, சிலருக்கு ஒன்பது வருடம் முன்பே. ஓடியாடித் திரிந்த ஆட்கள்! அதற்காக எல்லோரும் நாளைக்கே போய் ரத்தம் கொடுக்க வேண்டாம். ஆன்டிபாடி இருந்தும் கடைசிவரை நோயே வராதவர்கள் ஏராளம் என்று இப்போதுதானே பார்த்தோம்.

முன்கூட்டியே தெரிவது நிஜமாகவே கைகொடுக்கிற ஓர் இடம் உண்டு. ரோ என்கிற ஆன்டிபாடி. அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல்கூட இருக்கும், ஆனால் அது நஞ்சுக்கொடி வழியாகப் போய் நூற்றில் ஒன்றிரண்டு சிசுக்களின் இதயத் துடிப்புக்கான மின்பாதையைக் கெடுக்கலாம். தெரிந்திருந்தால் நாலாவது மாதத்திலிருந்து அந்தத் துடிப்பை அடிக்கடி ஸ்கேனில் பார்க்கலாம். முந்தைய குழந்தைக்கு இப்படி ஆகியிருந்தால் அம்மாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்கிற மாத்திரை கொடுக்கிறோம், மறுபடி வருவது குறைகிறது.

முதலில் சொன்ன பெண்ணுக்கு நான் ஏஎன்ஏவைத் திரும்ப எடுக்கவில்லை. அவர் பயந்தது குழந்தையை நினைத்து, அதனால் ரோவும் இன்னும் ஒன்றிரண்டும் பார்த்தேன், எல்லாம் நெகட்டிவ். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வேறொன்றும் எழுதவில்லை. இப்போது அவருக்கு ஏழாவது மாதம்.

அப்புறம், ஃபைல் கொண்டுவந்திருக்கிறவர்கள் வரிசையாகக் கேளுங்கள். மூன்றாவது வரிசையில் கைக்குட்டையால் விரலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மா, நீங்கள் முதலில் வாங்க.