பொருளுக்கு அருகில் ஒரு சிறிய அட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நடைபெறும் கலைக் கண்காட்சிகளைப் பற்றியும், அருங்காட்சியகவியல் பயில்வோருக்கு அவை கற்றுத்தருவதைப் பற்றியும் பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மதுரையில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து, மாணவர்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் கண்காட்சி அமைத்து வந்தவன் என்ற முறையில், திறப்பு விழா நாளில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்றைப் பற்றியே இன்று பெரும்பாலும் பேச விரும்புகிறேன். பொருளுக்கு அருகே வைக்கப்படும் சிறிய விளக்க அட்டைதான் அது.

சில ஆண்டுகளுக்கு முன், உசிலம்பட்டிப் பக்கத்து ஊரைச் சேர்ந்த மாணவி ஒருவர், தம் வீட்டுத் தொழுவத்தில் கிடந்த இரும்புக் கூனை ஒன்றைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். துருவைத் துடைத்து, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, 'பழங்கால நீர் இறைக்கும் பாத்திரம்' என்று அட்டை எழுதி வைத்தோம். இரண்டாம் நாள், பேரனுடன் வந்த ஒரு முதியவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அந்த மாணவியைப் பார்த்து, "இது கூனைம்மா. வால் இல்லாம வச்சிருக்கீங்களே, தண்ணி எப்படி ஊத்தும்?" என்று கேட்டார்.

அவர் அங்கேயே விளக்கினார். மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கமலை இறைப்பில் கூனையின் அடியில் தோலால் ஆன நீண்ட வால் கட்டப்பட்டிருக்கும். வடம் கூனையை இழுக்கும்போது, தனியாக ஓடும் வால் கயிறு அந்த வாலின் வாயை மேல்நோக்கி மடித்துப் பிடித்திருக்கும். மாடுகள் சரிவில் இறங்கக் கூனை கிணற்றின் விளிம்புக்கு வந்ததும் வால் தொட்டியின்மேல் நீண்டு, ஆள் கை வைக்காமலே நீரைக் கொட்டிவிடும். மாடுகள் பின்னோக்கி நடந்து மேலேறியதும் வெறுங்கூனை மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். மாணவி அவர் பக்கத்தில் அமர்ந்து முழுவதையும் எழுதிக்கொண்டார். அன்று மாலை அட்டை மாறியது. பொருளின் பெயர், அது இயங்கும் விதம், இல்லாத உறுப்பு எது என்ற குறிப்பு, எந்த ஊர், எந்த வீடு, யார் சொல்லக் கேட்டது என எல்லாம் அதில் இடம்பெற்றன. அந்த ஒரு மாலையில் அவர் கற்றதை நான் ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் சொல்லியிருந்தாலும் கற்பித்திருக்க முடியாது.

அட்டையின் பின்னால் பதிவேடு இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குள் ஒரு பொருள் வந்த அன்றே அதற்கு எண் தரப்பட்டு, வந்த தேதி, கொடுத்தவர் பெயர், கொடையா இரவலா என்ற விவரம், அளவு, அப்போதைய நிலை ஆகியவை இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். எண்ணைப் பொருளின் மீதும் எழுத வேண்டும். ஆனால் கண்ணில் படாத இடத்தில், நேரடியாக மேற்பரப்பில் எழுதாமல், பிற்காலத்தில் நீக்கக்கூடிய தெளிந்த பூச்சு ஒன்றைத் தடவி, அதன்மேல் மையால் எழுத வேண்டும். மாணவர்களுக்கு இது சலிப்பூட்டும் வேலை என்பதை அறிவேன். ஆனாலும் நான் அதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, ஒரு கல்வி நிறுவனத்தில் நடந்த மூன்று நாள் கண்காட்சிக்கு இரண்டு குடும்பத்தார் ஓலைச்சுவடிக் கட்டுகளை இரவலாகத் தந்தார்கள். ஒன்று மருத்துவச் சுவடி, மற்றொன்று வீட்டுக் கணக்கு. மூன்றாம் நாள் மாலை கூடத்தைப் பெருக்கியவர்கள் அட்டைகளையும் சேர்த்து அள்ளிவிட்டார்கள். பதிவேடு எழுதியிருக்கவில்லை. கட்டுகள் இரண்டும் வீடு மாறிப் போய்விட்டன. சில மாதங்கள் கழித்துத் தவறு தெரிந்தபோது, மருத்துவச் சுவடியில் பாதிக்கு மேல் கறையானுக்கு இரையாகியிருந்தது. அந்தச் சுவடியைத் தந்த குடும்பத்துப் பெரியவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அந்த நாளை நான் மறக்கவில்லை.

பெயரைப் பதிந்து வைப்பது மேலைநாட்டார் நமக்குக் கற்றுத்தந்த பழக்கம் என்று நினைப்பவர்கள், மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் அருகிலுள்ள மீனாட்சிபுரம் மலைக்கு ஒருமுறை சென்று வரலாம். 1882-இல் ராபர்ட் சீவல் என்பவர் கவனத்துக்குக் கொண்டுவந்த அந்தத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், நெடுஞ்செழியன் என்ற பெயரையும், கொடை பெற்ற துறவியான கணி நந்தாசிரியன் பெயரையும், வெள்ளறை நிகமத்தாரையும், அதாவது அவ்வூர் வணிகக் குழுவினரையும், குறிப்பிடுகின்றன. யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாறையில் வெட்டி வைத்த ஊர் இது. பாறையைக் கூடத்துக்குள் கொண்டுவர முடியாது. ஆகவே கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த மைப்படியையும் மலையின் வரைபடத்தையும் வைத்து, மலைக்குப் போகும் வழியையும் எழுதிவிடுகிறோம். நாகமலையை ஒட்டிய சமணர் மலைச் சிற்பங்களுக்கும் அப்படித்தான் செய்கிறோம்.

கீழடியை எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து எடுத்த கரி மாதிரிகளுள் ஒன்று பொது ஆண்டுக்கு முன் 580 எனக் காலம் காட்டியது. அந்த மாதிரி கிடைத்த ஆழம் 353 சென்டிமீட்டர் என்று குழியில் நின்ற ஒருவர் அன்றே குறித்து வைத்ததால்தான் அந்த ஆண்டுக்குப் பொருள் உண்டாயிற்று. ஆழம் எழுதப்படாத கரி வெறும் கரித்துண்டு. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, 'ஆதன்' என்று கீறப்பட்ட பானை ஓட்டைப் பார்ப்பதற்கு முன் அதனருகே என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதப்படவில்லை என்று பார்க்கச் சொல்வேன்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல். காகிதம், துணி, ஓலை இவற்றின்மீது படும் ஒளி, வெளிச்சத்தை அளக்கும் அலகில் 50 லக்ஸ் அளவைத் தாண்டாமலிருப்பது நலம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஒளியால் ஏற்படும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. மதுரைத் தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959 முதல் இயங்கிவரும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி இருக்கிறது. அந்தத் துணி இன்னொரு தலைமுறைக்கும் கிடைக்க வேண்டுமானால் ஒளி குறைவாகத்தான் இருக்க வேண்டும். இருட்டாக இருக்கிறதே என்று குறை சொல்லும் பார்வையாளருக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் மாணவர்களுக்குப் பயிற்சிதான்.

எல்லாவற்றையும் காப்பாற்றியே ஆக வேண்டுமா என்ற கேள்வியும் வரும். ஒருமுறை என் மாணவர்கள், அய்யனார் கோயிலில் சிதைந்து கிடந்த மண்குதிரை ஒன்றைக் கண்காட்சிக்கு எடுத்து வரலாமா என்று கேட்டார்கள். நான் இசையவில்லை. அய்யனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்புத் திருவிழாவில் ஊரார் சுமந்து வந்து நிறுத்திய குதிரை, மழையிலும் வெயிலிலும் கரைந்து அந்த மண்ணோடு சேர்வதே ஊர் வழக்கம். அடுத்த எடுப்புக்குக் குயவரான வேளார் புதுக்குதிரை செய்வார். கரையும் குதிரையைக் கண்ணாடிப் பேழையில் அடைத்தால் நாம் எதைக் காப்பாற்றுகிறோம்? அதற்குப் பதிலாக, பொம்மைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற விளாச்சேரியிலிருந்து ஒருவரை அழைத்து, கூடத்திலேயே மண் பிசைந்து வேலை செய்யக் கேட்டுக்கொண்டோம். அவருக்கான ஊதியத்தை முன்கூட்டியே கொடுத்தோம். அட்டையில் 'நாட்டார் கலை' என்று பொதுவாக எழுதாமல், அவர் பெயரையும் ஊரையும் எழுதினோம். ஓவியக் கண்காட்சியில் ஓவியர் பெயர் இல்லாமல் ஒரு சட்டகமும் தொங்குவதில்லை. குயவருக்கும், சுங்குடிச் சேலைக்குச் சாயமிடத் துணியில் முடிச்சுப் போடும் பெண்ணுக்கும் அந்த மரியாதை ஏன் கிடைப்பதில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

பரோடா பல்கலைக்கழகத்தில் 1952-லேயே அருங்காட்சியகவியலுக்குத் தனித் துறை தொடங்கிவிட்டார்கள். இத்தனை மலைகளும் கோயில்களும் அகழாய்வுக் குழிகளும் சுற்றியிருக்கும் மதுரை வட்டாரத்தில், ஒவ்வொரு கல்லூரியும் ஓர் அறையையும் ஒரு பதிவேட்டையும் ஒதுக்கினால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம். மே 18 உலக அருங்காட்சியக நாள். அன்று கண்காட்சி வைக்க நினைப்போர், பொருள்களை எப்படித் திருப்பி ஒப்படைப்போம் என்பதை முதலில் எழுதிக்கொள்ளட்டும். மேடையையும் மாலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கூனை இப்போது மறுபடி உசிலம்பட்டிப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. முதியவர் தம் உறவினர் வீட்டுப் பரணில் தேடி ஒரு தோல் வாலைக் கொடுத்தனுப்பினார். ஓரம் வெடித்திருக்கிறது, வாய்ப்புறம் எலி கடித்திருக்கிறது. எங்கள் பதிவேட்டில் அது அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

நன்றி. வணக்கம்.