செல்லுக்கு வெளியே காவல் நிற்கும் சர்க்கரை

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை, கல்லீரல் என்றதும் கொழுப்புக் கல்லீரல் நோய்தான் நினைவுக்கு வரும். இன்று பேசப்போவது நாம் சாப்பிடும் சர்க்கரையைப் பற்றி அல்ல. கொடையாளரிடமிருந்து எடுத்த கல்லீரலை, இன்னொருவருக்குப் பொருத்தும்வரை காக்கும் சர்க்கரைகளைப் பற்றி.

எடுத்த கல்லீரலைக் கரைசல் நிறைந்த பையில் இட்டு, சுமார் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைப்பார்கள். பனிக்கட்டி நேரடியாகப் படக்கூடாது. பட்ட இடம் உறைந்து கெடும். குளிரில் செல்லின் ஆற்றல் தேவை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. ஆனால் சோடியத்தை வெளியே தள்ளும் பம்பும் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. சோடியம் உள்ளே புகும்; பின்னாலேயே தண்ணீர் வரும்; செல் ஊதும்.

தண்ணீரை வெளியிலேயே பிடித்து வைக்க ஒரு பொருள் வேண்டும். குளுக்கோஸ் அதற்கு ஆகாது. கல்லீரல் செல்லுக்குள் அது தாராளமாகப் போய்வரும். ஆக்சிஜன் இல்லாத நிலையில் லாக்டிக் அமிலமாகவும் மாறும். குளுக்கோஸ் கலந்த பழைய காலின்ஸ் கரைசலில் கல்லீரல் சில மணி நேரமே தாங்கியது.

1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சதர்ட் என்ற ஆய்வாளர்கள் வேறு வழி கண்டார்கள். அவர்களின் கரைசலில் லிட்டருக்கு 30 மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) ராஃபினோஸ், 100 மில்லிமோல் லாக்டோபயோனேட். முன்னது மூன்று சர்க்கரைகள் கோத்த மூலக்கூறு. பின்னது பால் சர்க்கரையான லாக்டோஸிலிருந்து செய்வது. இரண்டுமே பெரியவை, செல் சவ்வைத் தாண்டாதவை. உள்ளே போகாததுதான் இவற்றின் பலம்.

லாக்டோபயோனேட் இன்னொரு வேலையும் செய்கிறது. இரும்பு தனித்துத் திரிந்தால், ஹைட்ரஜன் பெராக்சைடை ஹைட்ராக்சில் ரேடிகலாக, அதாவது எதிர்ப்பட்டதைத் தாக்கும் நிலையற்ற துகளாக, மாற்றிவிடும். செல் சவ்வின் கொழுப்பை அரிப்பதில் அதைவிடக் கொடியது இல்லை. லாக்டோபயோனேட் அந்த இரும்பைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் வெளியே இருப்பதை மட்டும்தான். குளிரில் செல்லுக்குள்ளேயே அவிழும் இரும்பு அதன் கைக்கு எட்டாது. உள்ளே நுழைந்து இரும்பைப் பிடிக்கும் மருந்துகளை ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

பெரிய சேதம் ரத்தம் திரும்பப் பாயும்போது நேர்கிறது. ஆக்சிஜன் வந்ததும் சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி ரேடிகல்களை உருவாக்கும். அந்த நொதியை அடக்க லிட்டருக்கு 1 மில்லிமோல் அலோபியூரினால் என்ற மருந்தும், மிஞ்சும் ரேடிகல்களைத் தணிக்க 3 மில்லிமோல் குளூட்டாதயோன் என்ற பொருளும் கரைசலில் சேர்ப்பார்கள். குளூட்டாதயோன் பையில் இருக்கும்போதே மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து வீணாகும். கரைசல் பழசாக ஆக, இந்தப் பாதுகாப்பும் குறையும்.

கரைசலில் வேண்டாம் என்று ஒதுக்கிய குளுக்கோஸுக்கு, ரத்தம் திரும்பிய பின் செல்லுக்குள் வேலை வருகிறது. செல் அதன் ஒரு பகுதியைப் பென்டோஸ் பாஸ்பேட் பாதை என்ற வேதிவினைத் தொடரில் செலுத்தி, என்.ஏ.டி.பி.எச். என்ற பொருளைப் பெறுகிறது. செலவான குளூட்டாதயோனை மீட்பது அதுதான்.

பொருத்திய கல்லீரலுக்கு ரத்தம் விட, ரத்தக்குழாயின் கவ்வியைத் திறக்குமுன் பழைய கரைசலை நன்றாகக் கழுவி வெளியேற்றிவிட வேண்டும். அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 125 மில்லிமோல் அளவில் இருக்கிறது. அப்படியே ரத்தத்தில் கலந்தால், பெறுபவரின் இதயம் அறுவை மேசையிலேயே நின்றுவிடக்கூடும்.