380 டாலர் ஆன்டெனா வேண்டாம், முதலில் அந்தச் சார்ஜரைப் பிடுங்குங்கள்

வணக்கம் மக்களே! இன்றைக்கு ஊர் சுற்றுவதும் இல்லை, சமையலும் இல்லை. கோபத்தில் பேசுகிறேன், சத்தம் அதிகமாக இருந்தால் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஆர்வியில், அதாவது நாங்கள் குடியிருக்கிற வீட்டு வண்டியில், டிவி வரவில்லை. மொத்தமாக வரவில்லை என்றால்கூட மனது ஆறியிருக்கும். சேனல் 2 வருகிறது, 4 வருகிறது, 5 பளிச்சென்று வருகிறது, 7 மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து காணாமல் போகிறது. அந்த 7தான் ஏபிசி நெட்வொர்க். என்பிஏ கூடைப்பந்து ஃபைனல்ஸ் அதில்தான் வரும். எங்க வீட்டுக்காரரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அந்த மேட்ச் இல்லையென்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சரி, ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். வந்தார். ஏணி கொண்டுவரவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஆன்டெனா போச்சு, உள்ளே சிக்னலைப் பெருக்குகிற பூஸ்டரும் போச்சு, மாற்றினால் 380 டாலர் என்றார். அதில் 140 வந்து போனதற்கு! அண்ணாந்து பார்ப்பதற்கு 140 டாலர் மக்களே, நான் தினமும் சும்மாதானே பார்க்கிறேன். ஆன்டெனா போயிருந்தால் 4 எப்படி வருகிறது என்று கேட்டேன். அது கிட்டத்து டவர், இது தூரத்து டவர் என்றார். இங்கேதான் எனக்குச் சுள்ளென்று ஏறியது. நாங்கள் இப்போது நிற்பது பொமோனா பக்கம். லாஸ் ஏஞ்சலஸின் பெரிய சேனல்கள் அத்தனையும் மவுண்ட் வில்சன் என்ற ஒரே மலையிலிருந்து வருகின்றன, இங்கிருந்து சுமார் 20 மைல். 4க்கும் 7க்கும் தூரமும் ஒன்றுதான், திசையும் ஒன்றுதான். அப்புறம் எங்கே கிட்டத்து டவர், தூரத்து டவர்? அந்த 140ஐ எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டேன்.

இதில் கவனிக்க வேண்டியது, எது வரவில்லை என்பதை மட்டும் பார்க்காமல், வராதவை எல்லாம் என்ன ஜாதி என்று பார்ப்பது. 7 மட்டும் இல்லை, உட்கார்ந்து பார்த்தால் 9, 11 இரண்டும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தன, யாரும் அந்தப் பக்கம் போகாததால் தெரியவில்லை. 2009 ஜூன் 12ஆம் தேதி அமெரிக்காவின் பெரிய ஸ்டேஷன்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறி முடித்தன, அதிலிருந்து டிவியில் தெரிகிற நம்பர் வெறும் பெயர்ப்பலகை. இங்கே 2, 4, 5 என்று காட்டுபவை உண்மையில் யுஎச்எஃப் என்கிற உயர்ந்த அலைவரிசையில் எங்கேயோ மேலே இருக்கின்றன. 7, 9, 11 மூன்றும் நிஜமாகவே பழைய விஎச்எஃப் இடத்தில், அதாவது அதற்குக் கீழான அலைவரிசையில், 174 முதல் 216 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. அமெரிக்க அரசின் ஒலிபரப்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் டிவி ரிசப்ஷன் மேப் இருக்கிறது, நீங்கள் நிற்கிற இடத்தைப் போட்டால் எந்த ஸ்டேஷன், எந்தத் திசை, யுஎச்எஃப்பா விஎச்எஃப்பா என்று காட்டும், ஸ்டேஷன் பெயரைத் தட்டினால் உண்மையான சேனல் நம்பரும் வரும். காசு கிடையாது. பிலடெல்பியாவில் இருக்கிறவர்கள் பாவம், அங்கே 6 என்பது உண்மையிலேயே 6, இன்னும் கீழ் அலைவரிசை, அதைப் பிடிப்பது இதைவிடப் பெரும்பாடு.

ஆக யுஎச்எஃப் எல்லாம் சுத்தம், விஎச்எஃப் எல்லாம் நாசம். விஎச்எஃப்பைக் கெடுப்பது பெரும்பாலும் வெளியே இல்லை, வண்டிக்குள்ளேயே இருக்கிறது. மலிவு எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், யுஎஸ்பி சார்ஜர், இவையெல்லாம் கரண்டை வேகமாக வெட்டி வெட்டி வோல்டேஜை மாற்றுகின்றன, அந்த வெட்டுதான் இரைச்சலாகக் கிளம்பி ஆன்டெனாவில் ஏறுகிறது. பழைய டிவியாக இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். டிஜிட்டலில் அந்த நாகரிகம் இல்லை, தாங்கும் வரை தாங்கும், ஒரு எல்லை தாண்டினால் படமே போய்விடும்.

டிவி மெனுவில் சிக்னல் மீட்டரைத் திறந்து 7இல் வைத்துக்கொண்டு வண்டிக்குள் ஒவ்வொன்றாக அணைத்தேன். லைட், அசையவில்லை. ஃபேன், அசையவில்லை. இன்வெர்ட்டர், ஒரு துளி ஏறியது. அப்புறம் டிவிக்குப் பின்னால் சுவரில் இருக்கிற பூஸ்டர் பிளேட் தெரியுமில்லையா, பச்சை லைட்டும் சின்ன பட்டனும் இருக்குமே, அதே பிளேட்டில் 12 வோல்ட் சாக்கெட்டும் ஒன்று இருக்கிறது. அதில் இவருடைய போன் சார்ஜர், இரண்டு சேர்த்து 6 டாலருக்கு வந்தது, நீல லைட் எரிந்துகொண்டு எந்நேரமும் தொங்கும். பிடுங்கினேன். முப்பதில் கிடந்த மீட்டர் எண்பதைத் தாண்டி நின்றது! திரும்பச் சொருகினேன், விழுந்தது. பிடுங்கினேன், ஏறியது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பக்கத்து ஆர்வி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினார். ஆன்டெனா பூஸ்டரின் மூக்கடியிலேயே இரைச்சல் போடுகிற சாமானை வைத்துவிட்டு ஆன்டெனாவை மாற்றச் சொல்கிறார்கள். புதுச் சார்ஜர் 19 டாலர், சமையல் மேடைப் பக்கத்து சாக்கெட்டில் இருக்கிறது, மீட்டர் ஆடவே இல்லை.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன், இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது. அந்தப் பச்சை லைட் எரிகிறதா? எரிந்தால்தான் 12 வோல்ட் கரண்ட், டிவி சிக்னல் வருகிற அதே கோஆக்ஸ் கேபிள் வழியாகவே மேலே பூஸ்டருக்குப் போகும். அணைந்திருந்தால் அந்தப் பிளேட் ஆர்வி பார்க்கின் கேபிள் இணைப்பைத்தான் டிவிக்கு அனுப்பும், ஆன்டெனா சும்மா நிற்கும். மெனுவிலும் ஏர் என்று இருக்க வேண்டும், கேபிள் என்று இருக்கக் கூடாது. இடம் மாறினால் சேனல் ஸ்கேனும் மறுபடி போட வேண்டும். மேலே ஏறி ஆன்டெனா முனையில் கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையே வைத்துப் பார்த்தேன், 12க்குக் கொஞ்சம் மேலேயே காட்டியது, அதனால்தான் கேபிளைச் சந்தேகப்படவில்லை. பட்டன் ஆனில் இருக்கும்போது நடுக்கம்பியை உறையில் தொடவிடாதீர்கள், ஃப்யூஸ் போய்விடும். நம்முடையது கைப்பிடி சுற்றித் தூக்குகிற, வௌவால் சிறகு மாதிரியான பேட்விங் ஆன்டெனா, அதைத் திருப்பும்போது கொஞ்சம் திருப்பிவிட்டு மீட்டர் நிலைக்கும் வரை நில்லுங்கள், சரசரவென்று சுற்றினால் எதுவும் தெரியாது. தூக்கியிருக்கும் வரை வண்டிச் சாவி அந்தக் கைப்பிடியில்தான் தொங்கும், இறக்காமல் கிளம்ப முடியாது.

போன வீடியோவுக்குக் கீழே பேப்பர் மாதிரி தட்டையாக ஒரு ஆன்டெனா, 150 மைல் பிடிக்கும், வாங்குங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சாமானை எனக்குக் கண்ணில் காட்டாதீர்கள். பூமி உருண்டை, அறுபது எழுபது மைலுக்கு மேல் பெரும்பாலான டவர்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும், அட்டையில் என்ன வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள். இன்டர்நெட்டில் பார்க்கலாமே என்கிறவர்களுக்கு, 2025 ஜனவரியில் ஈட்டன் தீ மவுண்ட் வில்சனையே நெருங்கியபோது இங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். போனில் டேட்டா திக்கித் திணறுகிற நேரத்திலும் காற்றில் வருகிற லோக்கல் நியூஸுக்கு டேட்டா தேவையில்லை.

படுக்கையறை டிவியில் மட்டும் 9 இன்னும் தடுமாறுகிறது. அங்கே போகிற வழியில் கேபிளை இரண்டு டிவிக்குப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் இருக்கிறது, இரண்டாகப் பிரித்தாலே ஒவ்வொரு பக்கமும் சிக்னலில் மூன்றரை டெசிபல், அதாவது பாதிக்கு மேல், போய்விடும். நாளைக்கு அந்த அலமாரியைக் கழற்றுகிறேன். ஸ்பிளிட்டரே இல்லாமல் நேராகக் கொடுத்தால் எவ்வளவு ஏறுகிறது என்று கமெண்டில் போடுகிறேன்.